டிக்கட் காசுக்கு ஒரு நகரம்

(ஈச்சிலம்பற்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ட்ராம். பழைய நகரமொன்றில் ட்ராம் ஏறிப்போய் அந்த நகரத்தின் வரலாற்று இடங்களைப் பார்ப்பது பற்றிப் பேசப்போகிறேன். தலைப்பைச் சொன்னதும் நண்பர் ஒருவர் சிரித்துவிட்டார். "ரயிலே வராத ஊரில் ட்ராமைப் பற்றிப் பேசப் போகிறீர்களா?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். 1927இல் திருகோணமலைக்கு வந்து சேர்ந்த ரயில் அங்கேயே நின்றுவிட்டது. கொட்டியாரக் குடாவைச் சுற்றி இந்தப் பக்கம் அது வரவேயில்லை. ஆனாலும் ட்ராம் பற்றிப் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை என்றே எனக்குப் படுகிறது. ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

முதலில் பிள்ளைகளுக்காக ஒரு விளக்கம். ட்ராம் என்பது தெரு நடுவே ஓடும் மின்சார வண்டி. தண்டவாளம் தெருவோடு மட்டமாகப் பதிந்திருக்கும். கூரைக்கு மேலே ஒரு நீண்ட கம்பு கிளம்பி, தலைக்கு மேல் ஓடும் மின்கம்பியைத் தொட்டுக்கொண்டே வரும். சாரதிக்கு வளைப்பதற்குச் சக்கரம் கிடையாது. கையில் ஒரு பிடி. அதைத் திருப்பினால் வேகம். காலடியில் ஒரு மணி. மிதித்தால் டங் டங் என்று அடிக்கும். குறுக்கே மாடு வந்தாலும் மந்திரி வந்தாலும் விலகிப்போக அந்த வண்டிக்கு வழியில்லை. மணியடிக்கலாம், நிறுத்தலாம், அவ்வளவுதான். தேர் வீதியை விட்டு இறங்காது என்பது போல, ட்ராமும் போட்ட வழியை விட்டு இறங்காது.

அங்கேதான் அதன் அருமை இருக்கிறது. பஸ்ஸின் வழியை ஓர் அதிகாரி ஒரு கையெழுத்தில் மாற்றிவிடலாம். ட்ராமின் வழியை மாற்ற வேண்டுமென்றால் தெருவைக் கிண்ட வேண்டும். ஆகவே நூறு வருடத்துக்கு முந்திய மனிதர்கள் எந்தத் தெருவை முக்கியம் என்று நினைத்தார்களோ, அந்தத் தெருவழியாகவே இன்றும் ட்ராம் போகும். சந்தை எங்கே இருந்தது, கல்லூரி எங்கே இருந்தது, நாடகக் கொட்டகை எங்கே இருந்தது, கப்பல் எங்கே வந்து நின்றது? இவையெல்லாம் தண்டவாளத்தில் எழுதப்பட்டிருக்கின்றன.

நம்முடைய நாட்டுக்கே வருவோம். கொழும்பில் ட்ராம் ஓடியது. இந்தச் சபையிலுள்ள இளையவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் போஸ்டெட் என்ற ஆங்கிலேயக் கம்பனி அதைத் தொடக்கியது. கோட்டையிலிருந்து புறப்பட்ட ஒரு பாதை புறக்கோட்டை வழியாகக் கிராண்ட்பாஸ் போனது. இன்னொன்று மருதானை வழியாகப் பொரளை போனது. 1944இல் கொழும்பு மாநகர சபை அதைப் பொறுப்பேற்றது. 1960 ஜூன் 30ஆம் திகதியோடு கொழும்பில் ட்ராம் நின்றுபோனது.

புறக்கோட்டைப் பிரதான வீதியின் பழைய படங்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் கடைகள், மாட்டு வண்டி, றிக்‌ஷா, தலையில் பொதி சுமந்தவர்கள், நடுவிலே ட்ராம். திருகோணமலையிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் அலுவலாகக் கொழும்புக்குப் போன நம்முடைய ஆட்கள் சிலருக்கு அந்த வண்டிதான் நகரத்தைக் காட்டியது. கப்பலில் வந்திறங்கிய வெள்ளைக்காரப் பயணிக்குத் துறைமுகத்தடியில் 1875இல் திறந்த கிராண்ட் ஒரியன்டல் ஹோட்டல் இருந்தது, வழிகாட்டி இருந்தார், சவாரி வண்டி இருந்தது. நம்முடைய ஆளுக்கு? சில சதங்கள் கொடுத்து ஏறுகிற ட்ராம் இருந்தது. வழிகாட்டி இல்லை. பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

இந்த வண்டியைப் பார்த்து மயங்கிப்போய், "அது ஒரு பொற்காலம்" என்று பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்ல. 1929இல் கொழும்பு ட்ராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். தொழிற்சங்கவாதி ஏ. ஈ. குணசிங்க தலைமை தாங்கினார். மருதானையில் கூட்டம் பொலிஸ் நிலையத்தைத் தாக்கியது, பொலிசார் சுட்டார்கள், உயிர்கள் போயின. மணியடித்துக்கொண்டு அழகாகப் போகிற வண்டி என்று நாம் படத்தில் ரசிப்பது ஒருவருக்குக் கூலிப் பிரச்சினை. அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மருதானையில் இன்று நின்று பாருங்கள், தண்டவாளமும் இல்லை, அந்தக் கதையைச் சொல்ல ஆளும் இல்லை. வழி போனதும் கதையும் போய்விட்டது.

கடலைத் தாண்டிச் சென்னைக்குப் போவோமா? 1895 மே மாதம் 7ஆம் திகதி சென்னையில் மின்சார ட்ராம் ஓடத் தொடங்கியது. லண்டன் தெருக்களில் மின்சார ட்ராம் ஓடுவதற்கு முன்னரே! ஆண்ட ஊருக்கு முன்னால் ஆளப்பட்ட ஊருக்குக் கிடைத்த வண்டி அது. 1921இல் 97 வண்டிகள், ஏறத்தாழ 24 கிலோமீற்றர் பாதை. பாரிமுனையிலும் மவுண்ட் ரோட்டிலும் மயிலாப்பூரிலும் சென்னைவாசி ட்ராமில் போனார். புதுமைப்பித்தனின் "கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்" கதையைப் படித்தவர்கள் இங்கே இருப்பீர்கள். கந்தசாமிப் பிள்ளை பிராட்வே சந்தியில் நின்று என்ன யோசிக்கிறார்? ட்ராமில் போனால் எவ்வளவு மிச்சம், அந்த மிச்சத்தில் வெற்றிலை போடலாமா என்று கணக்குப் பார்க்கிறார். அந்த நேரம்தான் கடவுள் வந்து சேருகிறார். சென்னையின் அந்தச் சந்தி, உயர் நீதிமன்றத்தின் செங்கல் கோபுரங்கள் தெரிகிற சந்தி, தமிழிலக்கியத்தில் இடம்பிடித்தது ட்ராமுக்குக் காசு எண்ணிய ஒரு மனிதரால். 1953 ஏப்ரல் 12ஆம் திகதி, நட்டத்தில் மூழ்கிய கம்பனி வண்டிகளை நிறுத்தியது. பம்பாயில் 1964இல் நின்றது. டெல்லியில், ஜும்மா மசூதியையும் சாந்தினி சவுக்கையும் தொட்டு ஓடிய ட்ராம் 1963இல் நின்றது.

இந்தியாவில் எல்லா ஊரிலும் நின்றது. ஒரே ஓர் ஊரில் நிற்கவில்லை. அது கல்கத்தா.

கல்கத்தாவில் 1873 பெப்ரவரி 24ஆம் திகதி முதல் ட்ராம் ஓடியது. மின்சாரம் இல்லை, குதிரைகள் இழுத்தன. சியால்டா ரயில் நிலையத்திலிருந்து ஆற்றங்கரையிலுள்ள ஆர்மீனியன் துறை வரை நாலு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. ஆதரவு போதாமல் அதே ஆண்டு நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். 1880இல் புதிதாகக் கம்பனி அமைத்து மறுபடி தொடங்கினார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ ஆயிரம் குதிரைகள் வேலை செய்தன. அந்த வெயிலில், அந்தப் புழுக்கத்தில் ஆயிரம் குதிரைகள்! 1902 மார்ச்சில் எஸ்பிளனேடிலிருந்து கிதர்பூர் வரை மின்சார ட்ராம் வந்தபோது யார் மகிழ்ந்தார்களோ இல்லையோ, குதிரைகள் மகிழ்ந்திருக்கும்.

கல்கத்தா போனபோது நான் ஏறியது ஐந்தாம் இலக்க ட்ராம். ஷியாம்பஜாரிலிருந்து எஸ்பிளனேட் வரை போகும். வரலாற்று இடங்கள் பார்க்கக் கல்கத்தா போகிறவர்கள் முதலில் வாடகைக் கார் பிடித்து விக்டோரியா மண்டபத்துக்கு ஓடுவார்கள். வெள்ளைப் பளிங்கு, பெரிய தோட்டம், படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். நல்ல கட்டடம்தான். ஆனால் அது ஆண்டவர்கள் தமக்குத் தாமே கட்டிய ஞாபகம். அந்த ஊரை ஆக்கிய மனிதர்களைப் பார்க்க வேண்டுமா? ஐந்தாம் இலக்க ட்ராமில் ஏறுங்கள்.

ஷியாம்பஜாரில் ஐந்து தெருக்கள் கூடுகின்றன. நடுவிலே குதிரைமேல் நேதாஜி. வண்டி புறப்பட்டுக் கொஞ்சத் தூரத்தில் ஹாத்திபாகான் சந்தை. நெரிசலில் வண்டி ஊர்கிறது. பக்கத்தில் ஸ்டார் தியேட்டர், 1888இல் அங்கே வந்த நாடகக் கொட்டகை. 1991இல் தீப்பிடித்து எரிந்தது. பிறகு திருத்திக் கட்டினார்கள். நாடகம் பார்த்தவர்கள் வீடு போக ட்ராம் ஏறிய தரிப்பிடம் வாசலிலேயே இருக்கிறது. வண்டி நகர்கிறது. விதான் சரணி என்கிற அந்த நீண்ட தெருவிலே பெத்தூன் கல்லூரி வருகிறது. பெண்பிள்ளைகளுக்காக 1849இல் பள்ளிக்கூடமாகத் தொடங்கியது. 1883இல் சந்திரமுகி பாசு, காதம்பினி கங்குலி என்ற இரண்டு பெண்கள் அங்கிருந்து பட்டம் பெற்றார்கள். இந்தியாவின் முதற் பெண் பட்டதாரிகள். என் இருக்கைக்கு முன்னால் புத்தகப் பையோடு நின்ற இரண்டு பெண்பிள்ளைகள் அந்தத் தரிப்பில் இறங்கினார்கள். அவர்களுக்கு அது வரலாற்று இடமல்ல. வகுப்புக்கு நேரமாகிறது, அவ்வளவுதான்.

தாய்மாரே, இந்த இடத்தில் என்னோடு கொஞ்சம் நில்லுங்கள். சுற்றுலா பஸ்ஸில் போயிருந்தால் எனக்கு அந்தக் கட்டடம் கிடைத்திருக்கும். அந்தப் பிள்ளைகள் கிடைத்திருப்பார்களா? 1883இல் தொடங்கிய காரியம் இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது என்று எந்தப் பலகையில் எழுதி வைப்பார்கள்?

இன்னும் கொஞ்சத் தூரம். விவேகானந்தர் பிறந்த வீடு அந்தத் தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில். பிறகு தண்தனியா காளி கோயில். வண்டி கோயிலைக் கடக்கும்போது ஒரு கை பிடியில் இருக்க, சாரதி மறுகையால் நெற்றியைத் தொடுகிறார். வண்டிக்குள் பாதிப்பேர் அப்படியே செய்கிறார்கள். வெருகல் கோயிலைத் தாண்டும்போது நம்முடைய பஸ்ஸில் நடப்பதுதானே! அதன்பிறகு கல்லூரித் தெரு. 1817இல் தொடங்கிய இந்துக் கல்லூரியின் வழிவந்த பிரசிடென்சி, ஈஸ்வரசந்திர வித்தியாசாகர் தலைமை தாங்கிய சமஸ்கிருதக் கல்லூரி, 1857இன் பல்கலைக்கழகம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். அவற்றின் மதிலோரம் முழுக்கப் பழைய புத்தகக் கடைகள். ட்ராமின் யன்னலால் தலையை நீட்டினால் புத்தகத்தின் பெயரை வாசிக்கலாம். விலை கேட்பதற்குள் வண்டி போய்விடும் என்று நினைக்காதீர்கள். முன்னால் ஒரு தள்ளுவண்டி மறித்தால், விலைபேசி வாங்கியே விடலாம்! அடுத்து மருத்துவக் கல்லூரி. சாதிக் கட்டை மீறி மதுசூதன் குப்தா 1836இல் பிணத்தை அறுத்துப் பாடம் படித்த கல்லூரி. வெளியே நோயாளிகளின் உறவினர்கள் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு ஏறுகிறார்கள். பௌபஜார் நகைக்கடைகளைத் தாண்டி, லெனின் சரணி வழியாக எஸ்பிளனேட் வந்தால் பயணம் முடிந்தது.

இதற்கு நான் கொடுத்த காசு ஒரு தேநீரின் விலைகூட வராது.

ட்ராம் கல்கத்தாவுக்கு வரலாற்றைக் காட்டும் வண்டி மட்டுமல்ல, அதுவே வரலாறு. 1953இல் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா கூட்டினார்கள். ஒரேயொரு பைசா! நகரமே தெருவுக்கு இறங்கியது. கடைசியில் கூட்டிய பைசாவைக் குறைக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு ஒக்டோபரில் வங்கத்தின் பெருங்கவிஞர் ஜீவனானந்த தாஸ் ட்ராமில் அடிபட்டு, சில நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தார். சத்யஜித் ராயின் "மகாநகர்" படம் ட்ராமின் கம்பு மின்கம்பியில் பொறிபறக்க ஓடுவதோடுதான் தொடங்குகிறது. 1943இல் ஹவுரா பாலம் திறந்தபோது அதைக் கடந்த முதல் வண்டி ட்ராம்.

இப்போது அங்கே என்ன நடக்கிறது? தெருவிலே கார் பெருகியது. ட்ராம் குறுக்கே நிற்கிறது என்று போக்குவரத்துப் பொலிசார் சொன்னார்கள். ஒவ்வொரு பாதையாக மூடினார்கள். 2020இல் அம்பான் புயல் மரங்களைச் சாய்த்துக் கம்பிகளை அறுத்தது. அறுந்த சில பாதைகள் திரும்பவில்லை. 2024 செப்டம்பரில் மேற்கு வங்க அரசு ஓர் அறிவிப்புச் செய்தது. மைதானத்துக்கும் எஸ்பிளனேடுக்கும் இடையே மட்டும் பாரம்பரியச் சவாரியாக ட்ராமை வைத்துக்கொள்வோம், மற்றவற்றை நிறுத்துவோம் என்றது. ட்ராமை நேசிக்கிறவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

கேட்பதற்கு நல்ல ஏற்பாடு போலத் தெரியும். பசும்புல் மைதானம், பழைய வண்டி, அலங்காரம், சுற்றுலாப் பயணி. அதில் என்ன குறை? குறை இதுதான்: அந்த வண்டியில் கல்லூரிக்குப் போகிற பிள்ளை இருக்கமாட்டாள். ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுபோகிறவர் இருக்கமாட்டார். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக வேண்டிய எவருமே அதில் இருக்கமாட்டார். பார்க்க வந்தவர்கள் பார்க்க வந்தவர்களையே பார்த்துக்கொண்டு போவார்கள்.

உலகத்தில் இது பல இடங்களில் நடக்கிறது. சான் பிரான்சிஸ்கோவின் கேபிள் வண்டிகளை 1947இல் நகரபிதா ஒழிக்கப் பார்த்தார். பிரீடல் கிளஸ்மன் என்ற பெண்மணி மற்றப் பெண்களைத் திரட்டி, வாக்கெடுப்பு வரை கொண்டுபோய்க் காப்பாற்றினார். பெரிய காரியம். ஆனால் இன்று ஒரு தடவை ஏறுவதற்கே பெருங்காசு. அந்த ஊர்த் தொழிலாளி ஏறுவாரா? லிஸ்பன் நகரில் 28ஆம் இலக்க ட்ராம் பழைய அல்பாமாப் பகுதியின் குறுகிய சந்துகளில் ஏறி இறங்கிப் பேராலயத்தடியால் போகிறது. அழகான பாதை. அழகு என்று கேள்விப்பட்டு உலகமே வந்து ஏறியதில், மலைமேட்டிலுள்ள கிழவிக்குத் தன் வீடு போக இடமில்லை. மெல்பனில் 1994 முதல் நகரத்தைச் சுற்றும் பழைய ட்ராமை இலவசமாகவே ஓட்டுகிறார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு வேறு ட்ராம்கள் நிறைய உண்டு, அதனால் அது பொருந்துகிறது. எனக்குப் பிடித்தது நியூ ஓர்லியன்ஸ். அங்கே செயின்ட் சார்ள்ஸ் வீதிப் பாதை 1835இல் தொடங்கியது. இன்றைக்கும் 1920களில் செய்த பச்சை வண்டிகள்தான் ஓடுகின்றன. சுற்றுலாப் பயணியும் ஏறுகிறார், ஹோட்டலில் கோப்பை கழுவுகிறவரும் ஏறுகிறார். ஒரே வண்டி, ஒரே காசு.

சரி, ஈச்சிலம்பற்றுக்கு வருகிறேன். நண்பருக்குப் பதில் சொல்ல வேண்டுமல்லவா?

நம்மிடம் ட்ராம் இருக்கவில்லை. ஆனால் மெல்லப் போவது என்றால் என்னவென்று நமக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வடக்கிலிருந்து கதிர்காமம் நடந்துபோகும் யாத்திரிகர்கள் வெருகல் சித்திர வேலாயுத சுவாமி கோயிலில் தங்கிப் போகிறார்கள். அவர்களுக்குச் சோறு போட்டவர்கள் நாம். திருகோணமலைக்குப் போவதென்றால் துறைதுறையாக நின்று நின்று போனவர்கள் நாம். பாதை என்றால் ஆற்றைக் கடக்க ஏறும் மிதவை. வெருகலில் ஒரு பாதை, கங்கையில் ஒரு பாதை, கிண்ணியாவில் ஒரு பாதை. பஸ்ஸால் இறங்கிப் பாதையில் ஏறி, கயிற்றைப் பிடித்திழுக்கக் கைகொடுத்து, அக்கரையில் அடுத்த பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்தோம். அந்தக் காத்திருப்பில் எவ்வளவு கதை! 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது. மற்றப் பாலங்களும் வந்தன. நோயாளியைத் தோணியில் ஏற்றிக்கொண்டு தவித்தவர்களுக்குத்தான் பாலத்தின் அருமை தெரியும். பாதைதான் நல்லது, பாலம் வேண்டாம் என்று பேச நான் வரவில்லை.

ஆனால் நம்முடைய பஸ் இப்போது எதைக் கடந்து போகிறது என்று நினைத்துப் பாருங்கள். மூதூரைக் கடக்கிறது. 1660இல் றொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞர் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, கண்டி அரசனின் கைதியாகப் பத்தொன்பது வருடம் கிடந்து, தப்பிப்போய் எழுதிய நூல்தான் ரொபின்சன் குரூசோ கதைக்கே ஒரு தூண்டுதல் என்று சொல்வார்கள். அது தொடங்கிய இடம் நம்முடைய பஸ் நிற்கும் ஊர். அடுத்து சீனக்குடா. காட்டுக்குள் 99 எண்ணெய்த் தாங்கிகள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்ட இடம். பிறகு திருகோணமலை. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே கட்டிய கோட்டை. பின்பு ஒல்லாந்தர் கையிலும் ஆங்கிலேயர் கையிலும் மாறியது. 1950இல் மண்ணுக்குள்ளிருந்து அந்தக் கோயிலின் வெண்கல விக்கிரகங்கள் வெளிப்பட்டன. 1956இல் ஆர்தர் கிளார்க்கும் மைக் வில்சனும் கோயில் நிற்கும் சுவாமிமலைக்குக் கீழே கடலில் மூழ்கிக் கோயிலின் தூண்களைக் கண்டார்கள்.

இவ்வளவும் ஒரே பஸ் பாதையில்! கொழும்பிலிருந்து குளிரூட்டிய வானில் வருகிறவர் கோணேசர் கோயிலையும் கோட்டைக்குள் மானையும் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு நிலாவெளிக்குப் போய்விடுவார். நம்முடைய பஸ்ஸிலே கோயிலுக்குப் போகிற ஆச்சி, மீன்பெட்டிக்காரர், கச்சேரிக்குப் படிவம் கொண்டுபோகிறவர், பரீட்சை எழுதப்போகிற பிள்ளை எல்லோரும் இருக்கிறார்கள். ஐந்தாம் இலக்க ட்ராமில் நான் பார்த்த அதே சனம். ஆனால் ஒன்று இல்லை. பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால் சொல்வதற்கு ஆள் குறைந்துபோய்விட்டது. போரில் இடம்பெயர்ந்தோம், சுனாமியில் இழந்தோம், சொல்லத் தெரிந்தவர்கள் பலர் போய்விட்டார்கள். மிச்சமிருப்பவர்கள் பேசுவதற்குள், புதுப் பாலத்தின் மேல் பஸ் பறந்துவிடுகிறது.

ஆசிரியர்மாரிடம் ஒரு வேண்டுகோள். ஈச்சிலம்பற்றிலிருந்து திருகோணமலை வரை பஸ் நிற்கும் ஒவ்வொரு தரிப்பையும் ஒவ்வொரு பிள்ளைக்குக் கொடுங்கள். அந்த இடத்தில் என்ன இருந்தது, யார் இருந்தார்கள், துறை எப்படி ஓடியது என்று அங்குள்ள பெரியவர்களிடம் கேட்டு எழுதட்டும். தமிழ்ப் பெரியவரிடமும் முஸ்லிம் பெரியவரிடமும் சிங்களப் பெரியவரிடமும் கேட்கட்டும். எழுதியதை ஒரு தாளில் அச்சிட்டு பஸ்ஸுக்குள் ஒட்டச் சொல்லி நடத்துநர்களைக் கேட்போம். வெளிநாட்டான் பார்ப்பதற்காக அல்ல. ஜன்னலோரம் இருக்கிற நம்முடைய பிள்ளை வாசிப்பதற்காக.

அந்த வேலையை நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம். முன்வரிசையில் வெள்ளை வேட்டியோடு இருக்கிற ஐயா, நான் வெருகல் பாதை என்று சொன்னபோது நீங்கள் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னீர்கள். கங்கை பெருகியபோது பாதை அறுந்த கதை என்று காதில் விழுந்தது. தம்பி, ஒலிவாங்கியை ஐயாவிடம் கொடுங்கள். பிள்ளைகள் கொப்பியை எடுத்து எழுதிக்கொள்ளட்டும்.